சரளையும் சரளமும்

டியூபைக் கொடுத்ததுதான் தப்பு என்று ரோஸெனுக்கு அரை மணி நேரத்திலேயே புரிந்துவிட்டது.

பொந்திவி ஊரிலிருந்து கிளம்பி எட்டாவது கிலோமீட்டர். கால்வாய் மதகு ஒன்றின் பக்கத்தில் ஒரு மனிதர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் பின்சக்கரத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். மொட்டைத்தலை, ஒல்லி உடம்பு. அந்த உடம்பில் இரண்டு பேருக்குப் போதுமான மஞ்சள் ஜெர்ஸி. சக்கரத்தோடு பேசுகிறவரைப் பார்த்ததுமே ரோஸென் நிற்காமல் மிதித்துப் போயிருக்க வேண்டும். ஆனால் அவள் பையில் ஒரு மாற்று டியூப் இருந்தது, மனசில் கொஞ்சம் நல்ல குணம் இருந்தது. இரண்டும் சேர்ந்து அவளைக் கவிழ்த்துவிட்டன.

"மேடம், உங்களை மாதிரி ஒருத்தர் ரெண்டு பேர் இருக்கறதாலதான் இந்த ஊர்ல மழையே பெய்யுது!" என்றார் அவர்.

வருஷத்தில் பாதி நாள் மழை கொட்டுகிற பிரித்தானிப் பிரதேசத்தில் இது பாராட்டா வசவா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பரவாயில்லைங்க. மாட்டிட்டு மெதுவா வாங்க. நான் கிளம்பறேன்."

"அதெப்படி? உதவி செஞ்சவங்களை நடுவழியில விட்டுட்டுப் போற ஆள் இல்லைங்க இந்த எலுவா. அஞ்சே நிமிஷம்!"

விட்டுவிட்டுப் போகிறவள் தான்தான், அவர் இல்லை என்று அவள் எடுத்துச் சொல்வதற்குள் அவர் டயரைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். டயரிலிருந்து ரப்பர் மரத்துக்குப் போனார், ரப்பர் மரத்திலிருந்து குரங்குக்குப் போனார். குரங்கிலிருந்து எப்படியோ வெண்ணெய் விலைக்கு வந்து சேர்ந்தபோது டியூப் மாட்டியாகியிருந்தது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

ரோஸென் லோரியன் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறைத் தலைவி. தினமும் மத்தியானம் இருநூற்று நாற்பது பிள்ளைகள், ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு முள்கரண்டி, ஆளுக்கொரு குரல். வீட்டுக்குப் போனால் எர்வான். நல்ல மனிதன், அன்பான கணவன். ஆனால் கண்ணுக்கு நேரே இருக்கிற உப்புப் புட்டியைக் கேட்டுத்தான் எடுப்பான். இந்த ஈஸ்டர் விடுமுறையில் மூன்று நாள், மூன்றே நாள், யாரும் தன்னிடம் பேசக்கூடாது என்று சண்டை போட்டு வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தாள். அதற்கு இந்தக் கால்வாய்க்கரையை விட்டால் வேறு இடம் இல்லை. அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த பாதை. இப்போது கார் கிடையாது, லாரி கிடையாது, ஹாரன் கிடையாது. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மரம், நடுவில் சரளை. சக்கரத்துக்குக் கீழே சரளைக்கல் நொறுங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும் என்று குளிர்காலம் முழுக்க ஆசைப்பட்டிருந்தாள்.

இப்போது சரளை கேட்கவில்லை. எலுவாவின் பேச்சுதான் சரளமாகக் கேட்டது.

"அந்தக் கொக்கைப் பாருங்க மேடம். ஒத்தக் காலு. ஏன் ஒத்தக் காலு? எனக்கு ஒரு யோசனை இருக்கு..."

அவரைக் கழற்றிவிட முதல் வழியாக, வேகமாக மிதித்துப் பார்த்தாள். அவளுடையது இருபத்துநாலு கியர் வைத்த புது சைக்கிள். அவருடையது ஒவ்வொரு மிதிக்கும் அழுகிற பழைய வண்டி. நாலு கிலோமீட்டர் தலையைக் குனிந்துகொண்டு பறந்தாள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால், பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் மஞ்சள் ஜெர்ஸி.

"காத்தை நீங்க தடுக்கறீங்க, எனக்குச் சுகமா இருக்கு!" என்று கத்தினார். காற்று அடித்ததால் முன்னைவிடச் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. பேசினார்.

இரண்டாவதாக, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். "ம்... ம்... அப்படியா... சொல்லு..." என்று வெறும் போனுக்குத் தலையாட்டினாள். எலுவா மரியாதையாக வாயை மூடிக்கொண்டார். அரை நிமிஷம் சொர்க்கம். அப்புறம் காதில் இருந்த அந்தப் போனே மணியடித்தது.

எலுவா அவளைப் பார்த்தார். அவள் கால்வாயைப் பார்த்தாள்.

"எடுங்க மேடம், இன்னொருத்தர் கூப்பிடறாரு போல," என்றார் அவர் பெருந்தன்மையோடு.

எர்வான்தான். "ரோஸென், சல்லடை எங்கே இருக்கு?"

"யோவ், மூணு நாள் கூப்பிடாதேன்னு சொல்லிட்டு வந்தேனா இல்லையா? அடுப்புக்கு மேல, ஆணியில மாட்டியிருக்கு."

"அங்கே இல்லையே."

"கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாரு."

"அட, இருக்கு."

"பெரிய கண் சல்லடையா, சின்னக் கண்ணா?" என்று எலுவா பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "எதுக்குன்னு கேளுங்க. மாவுக்குன்னா சின்னக் கண்ணு நல்லது."

எர்வானின் குரல் கூர்மையானது. "யாரது ஆம்பளைக் குரல்?"

"வழியில வந்தவரு."

"தனியாப் போறேன்னு சொன்னியே?"

"தனியாத்தான்யா போறேன். அவரு என்கூட வர்றாரு."

இதை எப்படிச் சொன்னாலும் சரியாக வராது என்று அவளுக்குத் தோன்றியது. பேச்சைத் துண்டித்து, போனைச் சைக்கிள் கைப்பிடியில் தொங்கிய பைக்குள் போட்டாள்.

மூன்றாவது வழிதான் உருப்படியானது என்று நினைத்தாள். ரொஹான் ஊரைத் தாண்டியதும் சைக்கிளை நிறுத்தினாள்.

"எனக்குக் கொஞ்சம் ஒதுங்கணும். நீங்க முன்னால போயிட்டே இருங்க. நேரமாகும்."

எலுவாவின் காது சிவந்தது. "தாராளமா மேடம்." முதல்முறையாக வேறு வார்த்தை இல்லாமல் அடுத்த வளைவு வரைக்கும் போய் மறைந்தார்.

ரோஸென் சைக்கிளைத் தண்ணீரோரத்து மரத்தில் சாய்த்து, ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு மேட்டில் ஏறினாள். மஞ்சள் பூத்த முட்புதருக்குப் பின்னால் புல் மெத்தை மாதிரி இருந்தது. சட்டைப்பையிலிருந்த வெண்ணெய் கேக்கைப் பிரித்துத் தின்றாள். ஒரு வண்டு ரீங்காரமிட்டது. வண்டு அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே சாய்ந்தாள், கண் சொக்கிவிட்டது.

கூச்சல் கேட்டுத்தான் விழித்தாள். கீழே கரையில் ஏழெட்டுப் பேர். மதகைத் திறந்து மூடுகிற மதகுக்காரம்மா, படகு இழுக்கிற நீளமான கொக்கிக் கழியால் தண்ணீரைக் குடைந்துகொண்டிருந்தாள். டச்சுக்காரக் கிழவன் ஒருவன் தன் படகின் முனையில் குப்புறப் படுத்து ஆழம் பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டார் வண்டியே வரக்கூடாத அந்தப் பாதையில், தலையில் நீல விளக்குச் சுழல, ஒரு சிவப்புத் தீயணைப்பு வண்டி நின்றது. அதன் சக்கரத்தடம் சரளையை உழுதுபோட்டிருந்தது.

ரோஸென் துள்ளி எழுந்தாள். மேட்டிலிருந்து இறங்கி ஓடி, முதலில் எதிர்ப்பட்ட தூண்டில்காரனைப் பிடித்தாள்.

"ஐயோ, யாருங்க விழுந்துட்டாங்க?"

"ஒரு பொம்பளை. என் மீனெல்லாம் ஓடிப்போச்சு," என்றான் அவன் எரிச்சலாக. "தேடிட்டே இருக்காங்க. பச்சைச் சட்டையாம், அம்பது வயசாம். ஆள் கொஞ்சம் பூசினாப்ல இருப்பாங்களாம்."

"பாவம்," என்றாள் ரோஸென். பிறகுதான் மரத்தில் சாய்ந்திருந்த தன் சைக்கிள் கண்ணில் பட்டது. குனிந்து தன் பச்சைச் சட்டையைப் பார்த்தாள்.

"பூசினாப்லன்னு எவன் சொன்னான்?"

எல்லாத் தலைகளும் திரும்பின. முழங்கால்வரை நனைந்த பேண்ட்டோடு எலுவா தண்ணீருக்குள்ளிருந்து ஏறி வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளால் திட்டக்கூட முடியவில்லை. அதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது.

"நாப்பது நிமிஷம், மேடம்! கூப்பிட்டேன், கூப்பிட்டேன், பதிலே இல்லை. சைக்கிள் தண்ணி ஓரத்துல, ஹெல்மெட் அதுல தொங்குது. நான் என்னன்னு நினைக்கறது?"

"ஒதுங்கப் போறேன்னு சொன்னேன்ல?"

"நாப்பது நிமிஷமா?"

கூட்டம் அவள் பதிலுக்குக் காத்திருந்தது. தீயணைப்புக்காரர்களில் மூத்தவன் ஒரு நோட்டைத் திறந்து பேனாவைக்கூட எடுத்தான். "தூங்கிட்டேன்," என்றாள் ரோஸென், உலகத்தில் யாருக்கும் கேட்காத குரலில்.

"என்ன சொல்றாங்க?" என்றான் படகிலிருந்து டச்சுக்காரன்.

"தூங்கிட்டாங்களாம்!" என்று எலுவா எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். "கடவுளுக்கு நன்றி, தூங்கிட்டாங்களாம்!"

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மதகுக்காரம்மா அவளை வீட்டு வாசலில் உட்காரவைத்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு கம்பளியைப் போர்த்தி, கையில் ஒரு கிண்ணம் ஆப்பிள் சைடரைத் திணித்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "உங்க பையில இருந்த போனை எடுத்து உங்க வீட்டுக்காரருக்கும் சொல்லிட்டோம்."

"என்னன்னு?"

"அப்போ தெரிஞ்சதைத்தான்."

ரோஸென் கம்பளியை உதறிவிட்டு, அவள் கையிலிருந்த தன் போனைப் பிடுங்கி எர்வானைக் கூப்பிட்டாள். மறுமுனையில் எர்வான் அழுதுகொண்டிருந்தான். முப்பது வருஷத்தில் அவன் அழுது அவள் கேட்டதில்லை. "சல்லடையை நானே தேடியிருக்கணும்," என்றான் விக்கலுக்கு நடுவே. "உன்னைத் தொந்தரவு பண்ணாம இருந்திருந்தா..."

"யோவ், நான் உயிரோடதான் இருக்கேன். தூங்கிட்டேன்யா. அழாதே."

சமாதானமாகக் கால் மணி ஆனது. அழுகை நின்றதும் கோபம் வந்தது. "அந்த மனுஷர் யாரு? அவரு இல்லைன்னா யாரு தேடியிருப்பா? போனை அவருகிட்டக் குடு."

கொடுத்தாள். அதுவும் ஒரு தப்பு. எலுவாவும் எர்வானும் இருபது நிமிஷம் பேசினார்கள். சல்லடையில் தொடங்கி, கோழி வளர்ப்புக்குப் போய், லோரியன் துறைமுகத்தின் மத்தி மீனில் வந்து நின்றார்கள். நடுவே எலுவா இரண்டு தடவை வாய்விட்டுச் சிரித்தார். போன் திரும்பி அவள் கைக்கு வந்தபோது எர்வானின் குரல் தெளிந்திருந்தது.

"தங்கமான மனுஷன், ரோஸென். நீ தங்கப்போற விடுதி பேரைச் சொல்லிட்டேன். அவரும் அங்கேயே தங்கறாரு. அவரு இல்லாம நீ ஒரு அடி நகரக்கூடாது. இல்லைன்னா இப்பவே காரை எடுத்துட்டு வந்து உன்னைக் கூட்டிட்டு வந்துடுவேன்."

"எர்வான்!"

"ஆமா, அவரு என்ன வேலை பார்க்கறாரு? கேட்க மறந்துட்டேன்."

"பேசற வேலை," என்றாள் ரோஸென், போனை வைத்தாள்.

அன்று ராத்திரி தங்கவேண்டிய ஜோஸ்லின் ஊர் வரைக்கும் மிச்சமிருந்த தூரத்தில், கால்வாயில் விழுந்து பிழைத்தவர்களின் கதைகளை எலுவா சொன்னார். விழுந்து பிழைக்காதவர்களின் கதைகளையும் சொன்னார். அந்த ஊர்க் கோட்டைக்குக் கீழே இருந்த விடுதியில் இருவருக்கும் ஒரே மேஜை. தட்டில் சாசேஜ் சுருட்டிய கேலட் அடை மணத்தது. எலுவா ஒரு வாய் தின்பார், பக்கத்து மேஜையில் ஏதாவது கேட்பார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், போன கோடையில் சைக்கிள் பந்தயத்தில் யார் ஜெயித்தது, மூட்டுவலிக்கு என்ன பூசுகிறீர்கள். சாப்பாடு முடிவதற்குள் அந்த அறையில் ஒருவரையொருவர் தெரியாதவர் யாரும் இல்லை.

"உங்க வீட்டுக்காரர் ரொம்பக் கலகலப்பு," என்றாள் விடுதிக்காரி தட்டை எடுத்துக்கொண்டே.

"அவரு என் வீட்டுக்காரர் இல்லை."

விடுதிக்காரி அவரை ஒரு தடவை பார்த்தாள், இவளை ஒரு தடவை பார்த்தாள். "தப்பிச்சீங்க," என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் ரோஸெனுக்கு அவள்மேல் பாசம் வந்துவிட்டது. பின்னாலேயே சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டாள். "அக்கா, இந்தக் கால்வாய் ஓரமா பேச்சுச் சத்தமே இல்லாத இடம் ஏதாவது இருக்கா?"

விடுதிக்காரி கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "பதினஞ்சு கிலோமீட்டர் போனீங்கன்னா கரைமேலேயே ஒரு மடம் இருக்கு. துறவிங்க. வாயே திறக்கமாட்டாங்க. விருந்தாளிங்களுக்கும் அறை உண்டு, பொம்பளைங்களையும் சேர்ப்பாங்க. ஆனா உள்ளே போனா மூச்! சாப்பாட்டு மேஜையிலகூட ரொட்டி வேணும்னா விரலால காட்டணும்."

ரோஸெனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எர்வானும் மறுப்புச் சொல்ல முடியாது. மடத்தைவிடப் பத்திரமான இடம் எது?

காலை ஆறு மணிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி படியிறங்கினாள். சைக்கிள் கொட்டகையில் எலுவா அவளுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

"குட்மார்னிங் மேடம்! உங்க செயினுக்கு எண்ணெய் போட்டுட்டேன், காத்தும் அடிச்சாச்சு. நான் மூணரைக்கே எழுந்துடுவேன், பழக்கதோஷம். எழுந்து உட்கார்ந்தா பேச ஆளே இல்லை. பக்கத்து வீட்டு நாய்கிட்டப் பேசிட்டிருந்தேன். அது வந்து..."

ஆறு கிலோமீட்டர் நாயைப் பற்றி. கால்வாய்மேல் பனி ஆவியாக எழும்பிக்கொண்டிருந்தது. வாத்து ஒன்று தன் குஞ்சுகளோடு சத்தமில்லாமல் நீந்திப் போனது. இந்தக் காட்சிக்காகத்தான் அவள் குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தாள்.

"வாத்துன்னதும் ஞாபகம் வருது..." என்றார் எலுவா.

ரோஸென் பிரேக்கைப் பிடித்தாள். சக்கரம் சறுக்கிச் சரளை தெறித்தது.

"ஐயா, நான் மடத்துக்குப் போறேன்."

"எந்த மடத்துக்கு?"

"இங்கேருந்து இன்னும் ஒன்பது கிலோமீட்டர்ல இருக்காமே, யாருமே பேசாத மடம். இன்னைக்கும் நாளைக்கும் அங்கேதான். நீங்க உங்க வழியில போகலாம். எர்வான்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

எலுவாவின் முகம் வெளுத்துப்போனது. "அங்கேயா?" என்றார். "அங்கே ஏன் மேடம்? வெளியே இவ்வளவு நல்லா இருக்கும்போது?"

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

"ஏன்னா இருநூத்தி நாப்பது பிள்ளைங்க, ஐயா! வருஷம் பூரா! ஏன்னா வீட்டுக்குப் போனா உப்பு எங்கே, சாக்ஸ் எங்கே, சல்லடை எங்கே! யாரும் பேசாம எனக்கு மூணே மூணு நாள் வேணும்னு கேட்டேன். ஒரு நாள் முழுசாப் போச்சு. நீங்க நல்லவரு, எனக்காகத் தண்ணியில இறங்கினீங்க, தெரியும். ஆனா தயவுசெஞ்சு, இந்தக் கல்லு நொறுங்கற சத்தத்தையாவது என்னைக் கேட்க விடுங்க!"

குரல் கால்வாயின் அக்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வாத்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டது. எலுவா பிரேக்கிலிருந்து கையை எடுத்தார்.

"நீங்க நேத்தே சொல்லியிருக்கலாம் மேடம்," என்றார். "வாசல் வரைக்கும் வர்றேன். உங்க வீட்டுக்காரருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்." அவ்வளவுதான் சொன்னார்.

அப்புறம் ஒன்பது கிலோமீட்டர், ஒரு வார்த்தை இல்லை.

சரளை நொறுங்கியது. மதகின் கதவிடுக்கில் தண்ணீர் சலசலத்தது. எங்கோ ஒரு குயில் இரண்டு தடவை கூவி நிறுத்தியது. முதல் மூன்று கிலோமீட்டர் ரோஸெனுக்கு வெற்றியாக இருந்தது. அடுத்த மூன்றில் ஏதோ உறுத்தியது. கடைசி மூன்றில் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவர் பேசாமல் இருந்தது கோபித்துக்கொண்ட ஆள் பேசாமல் இருக்கிற மாதிரி இல்லை. முதுகு நேராக இருந்தது, முகம் அமைதியாக இருந்தது. கொக்கைக் கண்டபோது மட்டும் உதடு லேசாக அசைந்தது. பிறகு அதுவும் அடங்கியது.

"அந்தக் கொக்கு ஒத்தக் கால்ல நிக்கறதுக்கு ஏதோ யோசனை வச்சிருக்கேன்னீங்களே," என்று அவளே கேட்டுவிட்டாள்.

அவர் சிரித்துவிட்டுத் தலையை ஆட்டினார். சொல்லவில்லை.

மடத்தின் மதில் மரங்களுக்கு நடுவே வந்தது. உயரமான மரக்கதவு. ரோஸென் சைக்கிளைச் சாய்த்து வைத்தாள். கையை நீட்டி, மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். எலுவா அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக் குலுக்கினார். பிறகு கொடிகளுக்குள் மறைந்து கிடந்த மணிக்கயிற்றைத் தேடாமல் எடுத்து இழுத்தார்.

உள்ளே எங்கோ மணி ஒலித்தது. செருப்புச் சத்தம் நிதானமாக நெருங்கி வந்தது. வெள்ளை அங்கி போட்ட வயதான வாயில்காப்பாளர் கதவைத் திறந்து, ரோஸெனுக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். அப்புறம் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்து, இரண்டு புருவத்தையும் உயர்த்தி, மிக மெல்லிய குரலில் கேட்டார்:

"என்ன பிரதர் எலுவா, வருஷத்துல வெளியே போய் வாயைத் திறந்து பேச நமக்கெல்லாம் கிடைக்கறதே மூணு நாளு, அதுல இன்னும் ஒண்ணரை நாள் மிச்சம் இருக்கே, அதுக்குள்ள ஏன் வந்துட்டீங்க?"